வீடு கட்டியவர்கள் பெயரை எங்கே தேடுவது?

கேட்டவர்: கானாடுகாத்தான் பேத்தி

வணக்கம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டு முகப்பில் ஒரு பலகை வைக்கலாம் என்று பங்காளிகள் கூடிப் பேசி முடித்திருக்கிறோம். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், காவலுக்கு இருப்பவர் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார். எழுதிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று மூன்று வரி எழுதினேன். படித்துப் பார்த்தால் கப்பலில் வந்திறங்கிய சாமான் பட்டியல் மாதிரி இருக்கிறது. அந்தத் தேக்கை இழைத்து நிலையில் கஜலட்சுமியைச் செதுக்கிய ஆசாரி எங்கே?

2014-இல் நம் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோதும், 'தமிழ் வணிகர்களின் ஊர்கள்' என்றுதான் பெயர் கொடுத்தார்கள். வணிகர் வீட்டுப் பெண் என்பதால் எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போனால் எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் வேறு. மத்தியானம் வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) வெறும் தரையில் படுத்துக் கன்னத்தை வைத்தால் வரும் குளிர்ச்சி. 'எண்ணெய்த் தலையோடு சுவரில் சாயாதே, முட்டை போட்டுப் பூசின சுவர்' என்று அப்பத்தா போடும் சத்தம். அந்தச் சுவரைத் தேய்த்து மெருகேற்றியது யார் என்று அப்பத்தாவிடம் நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்க அப்பத்தா இல்லை.

அந்தப் பெயர்களைக் கண்டுபிடிக்க வழி உண்டா? கிடைக்காவிட்டால் பலகையில் என்ன எழுதலாம்?

பதில்: தேவகோட்டை

வீடு கட்டின கணக்கைத் தேடுங்கள். நம் பெரியவர்கள் ஒரு ஓலைக் கொட்டான் வாங்கினாலும் கணக்குச் சிட்டையில் ஏற்றியவர்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டு அறையில், கல்யாணச் சாமான் சிட்டைகளுக்கு அடியில் கிடந்தது. சுண்ணாம்பு வண்டி, கருப்பட்டி, கடுக்காய் மூட்டை, முட்டை எல்லாம் வரிவரியாக இருக்கிறது. கூலிப் பக்கத்தில் மேஸ்திரி பெயர் மட்டும் உண்டு. மற்றவர்கள் 'ஆள் 6', 'பெண் ஆள் 9'. அந்த ஒன்பது பெண்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களாக இருக்க வேண்டும். அடுத்த மழைக்கு முன்னால் பெட்டியைத் திறந்து பாருங்கள், கரையான் காத்திருக்காது.

பதில்: ஆத்தங்குடி பட்டறை

ஆச்சி, நான் ஆத்தங்குடி. அப்பா தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்டுக் கல் ஊற்றியவர், நானும் பதினாறு வயதிலிருந்து அதே வேலை. உங்கள் வளவில் கிடப்பது எங்கள் ஊர்க் கல்லாக இருந்தால், ஊற்றியவர் பெயர் கிடைக்காது. கல்லில் யாரும் பெயர் போட்டதில்லை. ஆனால் கை தெரியும்.

எப்படி என்று சொல்கிறேன். நாங்கள் கல்லைச் சுடுவதில்லை. சுத்தமாகத் துடைத்த கண்ணாடி மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குவோம். அச்சின் ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமெண்டுப் பாலைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிடுவோம். மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டுக் கரணையால் வழித்துவிட்டால் கல் முடிந்தது. காய வைத்து, தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறப் போட்டு எடுத்தால் கண்ணாடியை விட்டுத் தானாகப் பிரியும். கல்லில் இருக்கும் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

இதில் அச்சைத் தூக்குகிற ஒரு நொடிதான் வேலைக்காரனைக் காட்டிக்கொடுக்கும். நேராகத் தூக்கினால் கோடு கூராக நிற்கும். பதறித் தூக்கினால் பச்சை மஞ்சளுக்குள் இறங்கிவிடும். எங்கள் அப்பாவுக்கு மணிக்கட்டு லேசாகத் திரும்பும். அவர் ஊற்றிய கல்லில் இதழ் நுனி ஒரு நூல் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அவர் தவறி நாலு வருஷம் கழித்து, பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தேன். இலைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் அதே சாய்வு. என்னால் சாப்பிட முடியவில்லை. பந்தி முடிந்து தரையைக் கழுவும்வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

போன மாதம் திருச்சியில் ஒரு கடையில் 'ஆத்தங்குடி டிசைன்' என்று பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள். இயந்திரத்தில் அச்சடித்த பீங்கான் கல். நூறு கல்லிலும் ஒரே பூ, ஒரே இடத்தில் ஒரே புள்ளி. எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு ஊர்க்காரன் கையே படாத சரக்கை விற்பது மனசுக்கு வலிக்கிறது. அதனால் பலகையில் பெயர் இல்லாவிட்டாலும் வேலையை எழுதுங்கள் ஆச்சி. எந்த ஊரில், எப்படி ஊற்றியது என்று எழுதுங்கள். படிக்கிறவர் பத்துப் பேரில் ஒருவராவது எங்கள் பட்டறை வாசலுக்கு வருவார்.

பதில்: காரைக்குடி தறிவீடு

அக்கா, வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த வளவில் நடமாடிய ஆச்சிமார் கட்டியது கண்டாங்கிச் சேலை. பெரிய கட்டம், அகலக் கரை, அரக்கும் மஞ்சளும் கறுப்பும். கனத்த பருத்தி, துவைக்கத் துவைக்கப் பதமாகும். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் வருகிறவர்கள் 'கைத்தறிதானே?' என்று கேட்டு வாங்குகிறார்கள், அது நல்ல மாற்றம். ஆனால் விசைத்தறிச் சேலையும் அதே பெயரில் பாதி விலைக்குப் போகிறது. எங்கள் அம்மாவுக்கு ஒரு சேலை இறக்க முழுசாக இரண்டு நாள் ஆகும். உங்கள் அப்பத்தா படம் முகப்பில் மாட்டியிருந்தால் என்ன கட்டியிருக்கிறார் என்று பாருங்கள்.

கேட்டவர்: கானாடுகாத்தான் பேத்தி

பெட்டியைத் திறந்துவிட்டோம். கூலிச் சிட்டையில் மேஸ்திரி பெயர் இருக்கும் ஓரத்தைப் பூச்சி அரித்துவிட்டது. ஆனால் 'ஆத்தங்குடி கல் வண்டி 4' என்று ஒரு வரி தெளிவாக இருக்கிறது. பலகையில் முதல் வரியாக அதைத்தான் போடப் போகிறேன். சுவரைப் பூசிய கொத்தனார்களும் சுண்ணாம்பு அரைத்த பெண்களும் இரண்டாவது வரி. தேக்கும் பளிங்கும் அதற்குக் கீழே. பங்காளிகளில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், பேசிச் சரிசெய்துவிட்டேன். அப்பத்தா படத்தில் கட்டியிருப்பது கண்டாங்கிதான், தங்கச்சி.

ஆத்தங்குடி அண்ணே, பின்கட்டில் பதினோரு கல் உடைந்திருக்கிறது. அதே மாதிரி ஊற்றித் தர முடியுமா?

பதில்: ஆத்தங்குடி பட்டறை

முடியும் ஆச்சி. உடைந்த துண்டு ஒன்று, முழுசாகக் கிடக்கும் பழைய கல் ஒன்று, இரண்டும் கொண்டு வாங்க. அந்தப் பூவுக்கு அச்சு எங்களிடம் இல்லையென்றால் பக்கத்துப் பட்டறைகளில் கேட்டுப் பார்ப்போம். நிறம் முதல் நாளே பழைய கல்லோடு சேராது, ஒரு வருஷமாவது கால் பட வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவ மட்டும் யாரையும் விடாதீர்கள். காலையிலேயே வாங்க, வெயில் ஏறுவதற்கு முன்னால் நிறம் பார்த்துவிடலாம்.