14 மாசப் பிள்ளை பகல்ல சாப்பிட மாட்டேங்கிறான், ராவெல்லாம் பால் கேக்குறான். பால் மறக்கடிக்கணுமா?

மண்டபம் அம்மா:

காலை 7.15 பஸ்ஸுக்குக் கிளம்பி ராமநாதபுரம் ஆபீஸ் போறேன். திரும்ப வீடு சேர 6.45 ஆகுது. பகல்ல பிள்ளைய அப்பத்தாதான் பாத்துக்கிறாங்க. அவங்களுக்குக் கண்ணுல புரை, அதனால அடுப்புப் பக்கம் விடுறதில்ல. 6 மணிக்கே பருப்புச் சாதம் குழைச்சு டப்பாவுல வச்சுட்டுப் போறேன். 11 மணிக்கு ரெண்டு வாய் வாங்குறான், மூணாவது வாய் துப்பிடுறான். 1 மணிக்குத் திறந்தா புளிச்ச வாடை. அப்புறம் அழுதா பிஸ்கட்டு, டீயில நனைச்ச ரொட்டி. நான் வந்ததும் மடியில ஏறினா இறங்குறதே இல்ல. ராத்திரி நாலு தடவை, அஞ்சு தடவை பால்.

வேப்பெண்ணெய் தடவிப் பால மறக்கடி, பசிச்சா தானா சாப்பிடுவான்னு வீட்டுல சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஆனா தூக்கம் சுத்தமா இல்ல. இன்னொண்ணு, மீன் குடுக்கலாமா? எந்த மீன்?

தொண்டி செவிலி:

தங்கச்சி, வேப்பெண்ணெய்ய எடுத்து உள்ள வைங்க. உங்க பிள்ளை ராத்திரி குடிக்கிறதாலதான் பகல்ல சாப்பிடலைன்னு வீட்டுல நினைக்கிறாங்க. நடக்குறது தலைகீழ். பகல்ல வயிறு நிறையல, அம்மாவும் பக்கத்துல இல்ல, ரெண்டையும் சேர்த்து ராத்திரி ஈடுகட்டுறான். இப்பப் பால நிறுத்தினா அவனுக்கு ஒழுங்காக் கிடைக்கிற ஒரே சாப்பாடும் போயிடும். 2 வயசும் அதுக்கு மேலயும் தாய்ப்பால் குடுக்கலாம்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. முதல்ல பகலைச் சரி பண்ணுங்க.

இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 3 அல்லது 4 வேளைச் சாப்பாடு, இடையில 1 அல்லது 2 தீனி. ஒரு வேளைங்கிறது 250 மில்லி கிண்ணத்துல முக்கால் கிண்ணம். அப்பத்தா குடுக்குற பிஸ்கட்டு அந்த இடத்தைத்தான் அடைக்குது. டீ அதைவிட மோசம், சாப்பாட்டுல இருக்குற இரும்புச்சத்த உடம்புல சேர விடாது. ஆனா வெறும் "குடுக்காதீங்க"ன்னு சொன்னா நடக்காது. அழுற பிள்ளைய வச்சுக்கிட்டு அவங்க கையில வேற ஒண்ணு இருக்கணும். நல்லாப் பழுத்த வாழைப்பழத்தை மசிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. அங்கன்வாடியில 6 மாசத்துல இருந்து 3 வயசு வரைக்கும் சத்துமாவு குடுக்குறாங்க, வாங்கி வைங்க.

நேரம் இப்படி வைக்கலாம். எழுந்ததும் தாய்ப்பால், கிளம்புறதுக்கு முன்னாடி உங்க கையால அரை இட்லி. 10 மணிக்கும் 1.30-க்கும் சாப்பாடு, 4 மணிக்குத் தீனி. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல தண்ணி மட்டும். நீங்க வந்ததும் முதல்ல பால் குடுத்துருங்க, அந்த ஏக்கம் தீரணும். ஒரு மணி நேரம் கழிச்சு எல்லாரோடயும் உக்கார வச்சு ராச்சாப்பாடு, நெய் ஒரு ஸ்பூன் விட்டு. 9 மணிக்குப் படுக்குற பால். பசும்பால் குடுக்குறதா இருந்தா நாள் முழுசுக்கும் அரை லிட்டருக்குள்ள, டம்ளர்ல. அதுக்கு மேல போனா பசியும் போகும், ரத்தசோகையும் வரும்.

முதல் வாரம் ராத்திரிப் பால்ல கையே வைக்காதீங்க. பகல்ல சாப்பாடு இறங்க ஆரம்பிச்சதும், 12 மணிக்கு முன்னாடி முழிக்கிற அந்த ஒரு தடவையை மட்டும் எடுங்க. அப்ப நீங்க எழுந்திரிக்காம அவங்க அப்பா தூக்கித் தட்டிக் குடுக்கட்டும், டம்ளர்ல ரெண்டு மடக்குத் தண்ணி குடுக்கட்டும். கரண்டு போன புழுக்கத்துல பாதி நாள் அது வெறும் தாகமாத்தான் இருக்கும். 4, 5 நாள் போனதும் அடுத்த தடவை. விடியக்காலைப் பால் கடைசியா இருக்கட்டும்.

கிராம சுகாதாரச் செவிலியர்கிட்ட இரும்புச்சத்து சிரப் கேளுங்க. வாரத்துக்கு ரெண்டு நாள், 1 மில்லி. ரத்தசோகை இருக்குற பிள்ளை என்ன செஞ்சு குடுத்தாலும் தட்டிவிடும், அதனால ஒரு ரத்தப் பரிசோதனையும் பாத்துருங்க.

கீழக்கரை அடுப்படி:

அந்தப் புளிச்ச வாடையப் பத்திச் சொல்லணும். 6 மணிக்கு வடிச்ச சாதம் 1 மணிக்குப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது. அரிசியில இருக்குற ஒரு கிருமியோட வித்து கொதியில சாகாது. சோறு வெதுவெதுப்பா கிடந்தா முளைச்சுப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. நம்ம ஊர் வெக்கையில சமைச்ச சாப்பாட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்கக் கூடாது. சூடா இருக்கணும், இல்ல ஐஸ்பெட்டியில இருக்கணும். நடுவுல கிடந்தாத்தான் ஆபத்து.

அப்பத்தா அடுப்புக்குப் போக முடியாதுன்னா வாயகன்ற எவர்சில்வர் பிளாஸ்க் ரெண்டு வாங்குங்க, 300 மில்லி அளவுல. பெருசா ஒண்ணு வேணாம். 10 மணிக்குத் திறந்து பாதி எடுத்தா மீதி 1.30-க்குள்ள ஆறிப் போகும். ஒரு வேளைக்கு ஒண்ணு.

வாங்கினதும் ஒரு ஞாயித்துக்கிழமை சோதிச்சுப் பாருங்க. கொதிக்கிற தண்ணிய முழுக்க ஊத்தி மூடி, 7 மணி நேரம் கழிச்சுத் திறங்க. 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. தெர்மாமீட்டர் இல்லன்னா விரல் நுனியச் சும்மா தொட்டு எடுங்க, ஒரு நொடிகூட வைக்க முடியாத சூடு இருக்கணும். இளஞ்சூடா இருந்தா அந்த பிளாஸ்க் இதுக்கு லாயக்கில்ல.

தினமும் காலையில கொதிநீர் ஊத்தி 10 நிமிஷம் மூடி வச்சு, கொட்டின கையோட கொதிக்கிற சாப்பாட்ட வாய் வரைக்கும் நிரப்பணும். முக்கால்வாசிதான் நிறைஞ்சிருந்தா சூடு நிக்காது. சாதம் உள்ள இருந்தே தண்ணிய இழுக்கும், அதனால நீங்க ஊட்டுறதைவிட ஒரு பங்கு தளர்த்தியா இறக்குங்க. இறுகிப்போன சாதத்தைத்தான் மூணாவது வாய்ல துப்புறான்னு எனக்குத் தோணுது. தேங்காய் அரைச்சதும் தயிர் கலந்ததும் பிளாஸ்க்குக்குள்ள போகவே கூடாது.

அளவு: பச்சரிசி 2 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி, கேரட்டோ பூசணியோ ஒரு துண்டு, ரெண்டரை டம்ளர் தண்ணி, குக்கர்ல 5 விசில். மசிச்சு நெய் விட்டுத் திரும்ப ஒரு கொதி விட்டா ரெண்டு பிளாஸ்க்குக்கும் வரும். கொஞ்சம் குறைஞ்சா வெந்நி விட்டு நிரப்பிக்கலாம்.

கெட்டியா வச்சா விழுங்க மாட்டான், தண்ணியா வச்சா சத்து இல்ல. இதுக்கு முளைகட்டின கேழ்வரகு மாவு இருக்கு. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவச்சு, துணியில ஒரு நாள் கட்டி வச்சா வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். ஃபேனுக்கு அடியில காய வைங்க. கடல் காத்துல மொட்டை மாடியில போட்டா மேல காஞ்ச மாதிரி இருந்து உள்ள ஈரம் நிக்கும், மாவு கட்டி தட்டிப் பூசணம் பிடிக்கும். லேசா மட்டும் சூடு காட்டி அரைக்கணும், வாசம் வர வறுத்தா அதோட இளக்குற குணம் போயிடும். பொங்கின கஞ்சிய இறக்கி ரெண்டு நிமிஷம் விட்டு, ஒரு ஸ்பூன் மாவைத் தண்ணியில கரைச்சு ஊத்திக் கிண்டுங்க. கண் முன்னாடியே இளகும். திரும்ப அடுப்புல ஏத்தி ஒரு கொதி. கரண்டியச் சாய்ச்சா மெல்ல வழுக்கி விழணும், தண்ணி மாதிரி ஓடக் கூடாது.

கண்ணுல புரை இருக்குறதால அப்பத்தாவுக்கு எழுத்து படிக்கச் சிரமமா இருக்கும், நிறம் தெரியும். 10 மணி பிளாஸ்க் மூடியில மஞ்சள் துணி, 1.30 பிளாஸ்க்குல சிவப்புத் துணி கட்டுங்க. தட்டுல பரத்தி 10 நிமிஷம் ஆறவச்சு, மணிக்கட்டு உள்பக்கம் வச்சுப் பாத்து ஊட்டச் சொல்லுங்க. மிச்சத்தத் திருப்பி பிளாஸ்க்குல போடக் கூடாது.

பாம்பன் கரைவலை:

மீன் தாராளமாக் குடுக்கலாம். கிழங்கான்ல ஆரம்பிங்க, சதை மெது, முள்ளு வரிசையா வரும். அடுத்து நெத்திலி. இட்லிச் சட்டியில 8 நிமிஷம் வேக வச்சு, வெள்ளைத் தட்டுல உதுத்து, ரெண்டு விரலுக்கு நடுவுல ஒவ்வொரு துணுக்கா நசுக்கிப் பாருங்க. முள்ளு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதனால மீன் உங்க கையால, ராச்சாப்பாட்டுல மட்டும். அப்பத்தாகிட்ட விட வேணாம். காரல் மீன் தாய்க்கு நல்லதுன்னு நம்ம பக்கம் ஆணம், அதான் குழம்பு, வச்சுக் குடுப்பாங்க, ஆனா பிள்ளைக்கு அந்த முள்ளு ஆகாது. வேணும்னா துணியில வடிச்ச சாறு.

சுறாவும் பெரிய வஞ்சிரமும் இந்த வயசுல வேணாம். பெரிய மீன் சின்ன மீனத் தின்னுதின்னு பாதரசம் சேர்ந்திருக்கும். கருவாட்டுல உப்பு, அதுவும் வேணாம். சாளை, சூரை, கானாங்கெளுத்தி மூணும் ஐஸ் இல்லாம வெயில்ல கிடந்துச்சுன்னா அதுல ஊறுற நஞ்சு சமைச்சாலும் போகாது. முகம் செவக்கும், உடம்பு தடிக்கும், வாந்தி வரும். சாயங்காலம் பஸ் விட்டு இறங்கி வாங்குறப்ப ஐஸ்ல இருந்தா மட்டும் வாங்குங்க.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகுதான் நிக்கும். நாட்டுப்படகு போகும், பிள்ளைக்கு வேணுங்கிற பொடிமீன் அப்பவும் கிடைக்கும்.

மண்டபம் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. பிளாஸ்க் நாளைக்கே வாங்கிடுறேன். ஒரே ஒரு சந்தேகம். ஆபீஸ்ல 12 மணிக்கு மார் கட்டி வலிக்குது. பீய்ச்சிக் கொட்டவா, எடுத்து வைக்கவா?

தொண்டி செவிலி:

14 மாசத்துல எடுத்து வச்சே ஆகணும்னு இல்ல. வலி அடங்குற அளவுக்கு மட்டும் கையால பீய்ச்சுங்க. முழுசா எடுத்தா இன்னும் சுரக்கும், ஒரேயடியா விட்டா கட்டிக்கும். ரெண்டு வாரத்துல அந்த நேரத்துச் சுரப்பு தானாக் குறையும், ராத்திரிப் பால் அப்படியே இருக்கும்.

எடுத்து வைக்கணும்னா, கொதிக்க வச்ச மூடி போட்ட பாத்திரம், சுத்தி உறைஞ்ச ஐஸ் பொட்டலம் வச்ச வெப்பம் தாங்குற பை. அதுல 24 மணி நேரம் தாங்கும். வெளிய 4 மணி நேரம் இருக்கும்னு சொல்றது 25 டிகிரிக்கு, நம்ம ஊர்ல அதை நம்பாதீங்க. மேல ஆடை பிரிஞ்சு நின்னா கெட்டுப்போனதில்ல, மெதுவாச் சுழட்டுங்க. வெந்நீர்ல பாத்திரத்தை வச்சு இளஞ்சூடாக்கணும், அடுப்புல ஏத்தக் கூடாது. அவன் வாய் வச்சு மிச்சம் வச்சதை 2 மணி நேரத்துல கொட்டிருங்க.

மார்புல ஒரு இடம் மட்டும் கல்லு மாதிரி இறுகி, செவந்து, காய்ச்சல் அடிச்சா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. அந்தப் பக்கம் பால் குடுக்கிறதை நிறுத்திடாதீங்க. குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பாலூட்ட வேலை நேரத்துல ரெண்டு இடைவேளை சட்டத்துலயே இருக்கு. உங்களுக்கு இன்னும் ஒரு மாசம்தான், நாளைக்கே எழுதிக் குடுங்க.