சீசர் சாலட்டில் நம்ம கைவரிசை: உங்கள் வீட்டில் என்ன ஆச்சு?

மார்த்தாண்டம் மருமகள்:
சாலட்டுக்கு லெட்யூஸ் இலை வாங்கியது திருவனந்தபுரத்தில். களியக்காவிளை நெரிசலில் பஸ் நகர்ந்து வீடு சேர்வதற்குள் துவண்டுவிட்டது. ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டதும் மொறுமொறுப்பு திரும்பியது, அது பிரச்சினை இல்லை. ஆன்சோவி டப்பா விலையைப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டேன். அதுவும் நம்ம நெத்தோலி வகைதானே? குளச்சல் கருவாடு வீட்டில் இருந்தது. தலையைக் கிள்ளி, வெந்நீரில் ஊறவைத்து, பூண்டோடு அம்மியில் அரைத்துக் கலந்தேன். கொஞ்சம் பொரித்து மேலேயும் தூவினேன். ரொட்டித் துண்டுக்குப் பதில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு வறுவல்.

மாமனார் ஒன்றும் பேசவில்லை. நெத்தோலியைத் தின்றார், மரச்சீனியைத் தின்றார். இலையை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் அடுக்கினார், குழம்பில் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல. கடைசியில், "சோறு கொஞ்சம் இருந்தா போடு மக்களே" என்றார். அந்தத் தட்டோரம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
மேலே எழுதியவர் கோபிக்கக்கூடாது. சீசர் கார்டினி 1924-இல் மெக்சிகோவின் திஹுவானாவில் முதன்முதலில் செய்த இந்த சாலட்டில் மீனைத் தனியாகப் போடவே இல்லை என்பார்கள். மீன் வாசம் வொர்செஸ்டர்ஷைர் சாஸிலிருந்து வந்தது. அந்த சாஸில் ஆன்சோவியோடு புளியும் உண்டு. அதனால் கருவாட்டை அள்ளிப் போட்டுவிட்டு இலையைக் குறை சொன்னால் எப்படி?

என் கதை சின்னது. ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் செக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். மணம் பிரமாதம். ஆட்கள் வரத் தாமதமானதால் கிண்ணத்தை பிரிட்ஜில் வைத்தேன். எடுத்தபோது கரண்டி நட்டுக்கொண்டு நின்றது! மார்கழியில் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து இளக்கியே வளர்ந்தவள் நான், எனக்கே தோன்றவில்லை பாருங்கள். நாத்தனார் விரலில் தொட்டுப் பார்த்து, "அண்ணி, இது தலைக்கா?" என்றாள்.

வட்டவடைத் தோட்டக்காரன்:
நான் எங்கள் ஊர்ப் பூண்டு ஆறு பல் போட்டேன். காரம் தெரியாமல் இல்லை, பெருமைக்குப் போட்டேன். இரண்டு நாள் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் யாருமே முட்டையைப் பற்றிப் பேசவில்லையே? கார்டினி கொதிநீரில் ஒரு நிமிடம் மட்டும் வைத்த முட்டையை உடைத்துச் சேர்த்தார். ஒரு நிமிடத்தில் சால்மோனெல்லா கிருமி சாகாது. நம்ம வெயிலில், கடையில் எத்தனை நாள் கிடந்ததோ தெரியாத முட்டையை அப்படிச் சேர்க்காதீர்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். நன்றாக வேகவைத்த மஞ்சள் கருவை மசித்து, எலுமிச்சைச் சாறு விட்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி அடியுங்கள், ஓரளவு சேர்ந்து வரும். மிக்ஸியில் ஒரேயடியாக எண்ணெயைக் கொட்டினால் திரிந்துவிடும். இலையில் ஈரம் இருந்தாலும் இந்த டிரெஸ்ஸிங் கலவை ஒட்டாது, துணியில் ஒற்றி எடுங்கள். அப்புறம் உப்பு. கருவாட்டிலும் சீஸிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, தனியாகப் போடுவதற்கு முன் ருசி பாருங்கள்.

மார்த்தாண்டம் மருமகள்:
அண்ணா, நான் முட்டையே போடவில்லை. கெட்டித் தயிர்தான். கொழிஞ்சாம்பாறை அக்கா, இலையை நான் எங்கே குறை சொன்னேன்? ஒதுக்கியது மாமனார்.

மிச்சமிருந்த லெட்யூஸை மறுநாள் பொடியாக அரிந்து, தேங்காய் சதைத்துப் போட்டுத் துவரன் வைத்தேன். என்ன கீரை என்று கேட்காமலேயே இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்.