பல கிளை மருத்துவமனை, குரூப் பாலிசி, சூப்பர் டாப்-அப்: மூட்டு மாற்று சிகிச்சைக்கு எந்த அறை எடுப்பது?

கேள்வி – தென்றல்78

அம்மாவுக்கு வயது 64. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, அடுத்த மாதம். மருத்துவமனைக்குப் பல கிளைகள் இருக்கின்றன. கையில் இருப்பது:

ஆபீஸ் குரூப் பாலிசி (அலுவலகம் ஊழியர்களுக்கு எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீடு), 3 லட்சம். அறை வாடகை வரம்பு ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். பெற்றோருக்கு 10 சதவீதம் கோ-பே (ஏற்கப்படும் தொகையில் நாங்கள் கட்ட வேண்டிய பங்கு).

அம்மா பெயரில் தனியாக ஒரு சூப்பர் டாப்-அப் (ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் செலவை மட்டும் தரும் பாலிசி), டிடக்டிபிள், அதாவது அந்தத் தொகை, 3 லட்சம். எடுத்து 14 மாதம் ஆகிறது.

மருத்துவமனையே விற்கும் குடும்ப அட்டை ஒன்று. வாங்கச் சொல்கிறார்கள், இன்னும் வாங்கவில்லை.

சிங்கிள் ரூம் நாளுக்கு 6,000, ஐந்து நாளுக்கு எஸ்டிமேட் 3,20,000. ட்வின் ஷேரிங் (இரண்டு பேர் அறை) என்றால் அறை 3,000, எஸ்டிமேட் 2,75,000. சிங்கிள் ரூம் எடுத்து, வித்தியாசமான 15,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டிவிடலாம் என்று இருக்கிறோம். 3 லட்சத்துக்கு மேல் போவதை டாப்-அப் பார்த்துக்கொள்ளும் இல்லையா? எங்காவது தப்பாகக் கணக்குப் போடுகிறேனா?

பதில் 1 – பில்கணக்கு

இரண்டு இடத்தில் தப்பு இருக்கிறது. முதலில் அறை.

வாடகை வரம்பைத் தாண்டினால் வாடகை வித்தியாசம் மட்டும் உங்கள் தலையில் விழும் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், நர்சிங் என்று அறை வகைக்கு ஏற்ப விலை மாறும் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். வரம்பு 3,000, எடுத்த அறை 6,000 என்றால் பாதி போச்சு. 2020 ஜூனில் ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த வரையறைப்படி மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (கையுறை, சிரிஞ்ச் போன்றவை), இம்பிளான்ட் (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு), பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது.

உங்கள் எஸ்டிமேட்டை உத்தேசமாகப் பிரித்துப் பார்ப்போம்.

சிங்கிள் ரூம்: அறை 30,000, சர்ஜன்-தியேட்டர்-நர்சிங் 1,40,000, இம்பிளான்ட் 1,00,000, மருந்தும் டெஸ்டும் 50,000. அறையில் 15,000 ஏற்பார்கள். 1,40,000-த்தில் 70,000 ஏற்பார்கள். மற்ற இரண்டும் முழுசாக வரும். ஏற்கப்படும் தொகை 2,35,000. அதில் கோ-பே 23,500 போக 2,11,500 கிடைக்கும். நீங்கள் கட்டுவது 1,08,500.

ட்வின் ஷேரிங்: அறை 15,000, சர்ஜன் வகையறா 1,10,000, மற்றவை அதே 1,50,000. வெட்டு எதுவும் இல்லை. கோ-பே 27,500 மட்டும் கட்டினால் போதும்.

15,000 என்று நீங்கள் நினைத்த அறை உண்மையில் 81,000 ரூபாய் கூடுதல். இதுபோக 5,000 ரூபாயைத் தாண்டும் அறை வாடகைக்கு (ஐசியூ தவிர) 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. எஸ்டிமேட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது டாப்-அப். அது 3 லட்சத்துக்கு மேல்தான் கண்ணைத் திறக்கும். மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பெரும்பாலான தனிநபர் பாலிசிகளில் 24 அல்லது 36 மாதக் காத்திருப்பு (அதுவரை இந்த சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது), விபத்தால் வந்தால் மட்டும் விலக்கு. 14 மாதப் பாலிசியை இந்த சிகிச்சைக்கு நம்ப வேண்டாம். குரூப் பாலிசியில் காத்திருப்பைப் பொதுவாக நீக்கியிருப்பார்கள். ஆனாலும் ஹெச்ஆரிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராமல், பாலிசி விதிமுறைப் பக்கத்தையே வாங்கி, பெற்றோருக்கும் அது பொருந்துகிறதா, மூட்டு மாற்றுக்குத் தனி உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கண்புரை, மூட்டு மாற்று இரண்டுக்கும் அப்படி வரம்பு வைப்பது சகஜம்.

பதில் 2 – வார்டு மேசை

மேலே உள்ள கணக்கு சரி, ஆனால் ஒரு இடத்தில் கவனம். "அறை வாடகை" என்பதில் நர்சிங் கட்டணமும் அடங்கும் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும். மருத்துவமனை டாரிஃப் அட்டையிலோ அறை 3,000, நர்சிங் 700 என்று தனித்தனி வரியாக இருக்கும். இரண்டையும் கூட்டினால் 3,700. வரம்பைத் தாண்டியாயிற்று! 3,000-ஐ 3,700-ஆல் வகுத்தால் சுமார் 81 சதவீதம். சர்ஜன் கட்டணத்தில் 19 சதவீதம் வெட்டு விழும். டிபிஏ டெஸ்க்கில் (மருத்துவமனையில் காப்பீட்டு கிளெய்ம்களைக் கவனிக்கும் மேசை) "அறை வாடகை எவ்வளவு" என்று கேட்டால் 3,000 என்றுதான் சொல்வார்கள். "நர்சிங், ஆர்எம்ஓ (வார்டு டாக்டர்) கட்டணம் சேர்த்து ஒரு நாளைக்கு எவ்வளவு" என்று கேட்க வேண்டும். டாரிஃப் அட்டையின் நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிளை. ஒரு கிளை காப்பீட்டு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் (ஒப்பந்த மருத்துவமனைப் பட்டியல்) இருந்தால் எல்லாக் கிளையும் இருக்கும் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு கிளைக்கும் தனி ரோஹிணி எண் (காப்பீட்டுத் துறை மருத்துவமனைகளுக்குத் தரும் 13 இலக்க அடையாள எண்), தனி ஒப்பந்தம். காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் முகவரியை வைத்துத் தேடுங்கள். இன்னொன்று: மூட்டு மாற்றுக்கு உங்கள் காப்பீட்டு நிறுவனத்தோடு பேக்கேஜ் விலை (மொத்த சிகிச்சைக்கும் ஒரே விலை) பேசியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் அந்த விலையில்தான் பில் போட வேண்டும். எஸ்டிமேட்டை ரொக்க நோயாளி விலையில் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

குடும்ப அட்டை காப்பீடே இல்லை. கன்சல்டேஷன், லேப் டெஸ்டில் தள்ளுபடி தரும், அவ்வளவுதான். கேஷ்லெஸ் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும்) பில்லோடு சேர்த்துப் பயன்படுத்தப் பெரும்பாலும் விடமாட்டார்கள். இந்த சிகிச்சைக்காக அதை வாங்காதீர்கள்.

பதில் 3 – பில்கணக்கு

நர்சிங் விஷயம் சரி, நான் விட்டுவிட்டேன்.

தென்றல்78

ரொம்ப நன்றி. ட்வின் ஷேரிங்தான் எடுக்கப்போகிறோம். ப்ரீ-ஆத் (கேஷ்லெஸுக்கு முன்கூட்டியே ஒப்புதல் கேட்கும் படிவம்) எப்போது கொடுப்பது? டிஸ்சார்ஜ் அன்று காலையில் சொன்னால் ராத்திரிதான் விடுவார்கள் என்கிறார்களே?

பதில் 4 – வார்டு மேசை

தேதி முடிவானதும் கொடுத்துவிடுங்கள், கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளாதீர்கள். அம்மாவின் இ-கார்டு, ஆதார், உங்கள் ஊழியர் எண், எக்ஸ்ரே ரிப்போர்ட், பழைய கன்சல்டேஷன் சீட்டுகள் இவற்றோடு போங்கள். படிவத்தில் டாக்டர் நிரப்பும் பகுதியில் "எவ்வளவு நாளாக வலி" என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் ஒன்றை எழுதிவிட்டு, பழைய சீட்டில் வேறு மாதிரி இருந்தால் அங்கேதான் 'க்வெரி' (விளக்கம் கேட்டு நிறுவனத்தின் கேள்வி) வரும். உண்மையான காலம் எதுவோ அதுவே எல்லாத் தாளிலும் இருக்கட்டும். சர்க்கரை, பிரஷர் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

ஐஆர்டிஏஐயின் 2024 மே 29 மாஸ்டர் சர்குலர்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதல் மூன்று மணி நேரத்துக்குள். அதைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது மருத்துவமனை கோரிக்கையை அனுப்பிய பிறகுதான். மருந்து ரிட்டர்ன், டிஸ்சார்ஜ் சம்மரி டைப்பிங், இறுதி பில் இவற்றிலேயே பாதி நாள் போய்விடும். முதல் நாள் மாலையே சம்மரியைத் தயார் செய்யச் சொல்லி, காலையில் எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று டிபிஏ டெஸ்க்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 5 – கோப்புக்கட்டு

கேஷ்லெஸ் மறுத்தால் கிளெய்மே போச்சு என்று விட்டுவிடாதீர்கள். பணம் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி, வரிவாரியான இறுதி பில், ரசீதுகள், ரிப்போர்ட்டுகள், ரத்து செய்த காசோலை வேண்டும். மூட்டு மாற்று என்பதால் இம்பிளான்ட் இன்வாய்ஸும், இம்பிளான்ட் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரும் கட்டாயம். அந்த ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டு மருத்துவமனையிலேயே தங்கிவிடும். டிஸ்சார்ஜுக்கு முன்பே நகல் கேளுங்கள்.

கேஷ்லெஸ் கிடைத்தாலும், அட்மிஷனுக்கு முந்தைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் செலவும் பிந்தைய மருந்து, பிசியோதெரபிச் செலவும் அதில் வராது. அவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் என்பது பல பாலிசிகளில் உள்ள அளவு, உங்களுடையதில் பாருங்கள். பிசியோதெரபிக்கு எத்தனை சிட்டிங் என்று டாக்டர் எழுதிய சீட்டு வேண்டும், இல்லையென்றால் நிராகரிக்கலாம்.

மறுப்புக் கடிதம் வந்தால் எந்தப் பாலிசி விதியின் கீழ் என்று அதில் இருக்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான தகராறுகளை எடுப்பார்கள். நிறுவனத்தின் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

தென்றல்78

டாரிஃப் அட்டை கேட்டு வாங்கினேன். நர்சிங் தனி வரிதான், நாளுக்கு 600. எங்கள் பாலிசியில் "அறை, உணவு, நர்சிங் சேர்த்து" என்று தெளிவாக இருக்கிறது. 2,200-க்கு மூன்று பேர் அறை ஒன்று இருக்கிறதாம், நர்சிங் சேர்த்து 2,800.

பதில் 6 – வார்டு மேசை

அதையே எடுங்கள். அட்மிஷன் படிவத்தில் அறை வகை என்ற கட்டத்தில் அதுதான் எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். அன்று அந்த அறை காலி இல்லை, சிங்கிளில் இருங்கள் என்றால், 'மூன்று பேர் அறை கட்டணத்தில்' என்று பில்லிங்கில் எழுதி வாங்கிய பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.