மறுமொழி: 'பிம்' என்பதற்குத் தமிழ் – 'மாதிரி' வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம். கட்டடத்தை அதன் விவரங்களோடு கணினியில் உருவாக்கும் 'பிம்' (BIM, Building Information Modeling) முறைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு ஒரு நண்பர் எழுதியது:

> கட்டடத் தகவல் மாதிரியாக்கம் என்றே வைத்துக்கொள்ளலாம். குழப்பம் இராது.

குழப்பம் இருக்கிறது ஐயா. யாழ்ப்பாணத்தில் ஒரு மேசனிடம் 'மாதிரி' என்றால், வீட்டுத்திட்டத்தில் முதலில் கட்டிக் காட்டுகிற மாதிரி வீடுதான் அவருக்கு நினைவு வரும். சரி, 'பிம்' என்றே எழுதலாம் என்றால் அது இன்னும் மோசம். "இந்த வேலையைப் பிம்மில் செய்வோம்" என்று சொன்னேன். "எத்தனை பீம் வருகுது?" என்று கேட்டார், கொங்கிறீற் உத்திரத்தை நினைத்து!

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். கொக்குவிலில் நான் பார்த்த ஒரு மாடி வீட்டில் கட்டடப் படம் ஒருவர் வரைந்தது, குழாய்ப் படம் வேறொருவர் வரைந்தது. தனித்தனியே இரண்டிலும் பிழையில்லை. கொங்கிறீற் போட்டு இறுகிய பிறகுதான் தெரிந்தது, குளியலறையின் 4 அங்குலக் கழிவுக் குழாய் நேரே பீமின் நடுவால் போகவேண்டும் என்று. குழாயைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோய், கீழ் அறைக்குப் பொய்க்கூரை அடித்து மறைத்தோம். அந்த அறையில் மின்விசிறி இன்றைக்கும் தலையில் தட்டுகிற உயரத்தில்தான் சுற்றுகிறது.

ஓட்டோகாட் (AutoCAD) என்ற வரைபட மென்பொருளில் சுவர் என்பது இரண்டு கோடு. றெவிற் (Revit), ஆர்க்கிகாட் (Archicad) போன்ற பிம் மென்பொருள்களில் சுவர் சுவராகவே இருக்கிறது: என்ன கல், எத்தனை அங்குலம், பூச்சு என்ன என்பதெல்லாம் அதனோடு ஒட்டியிருக்கும். யன்னலை ஒரு முறை நகர்த்தினால் தளப்படம், வெட்டுமுகம், யன்னல் அட்டவணை எல்லாம் கூடவே மாறும்.

ஆகவே சொல்லில் தெரியவேண்டியது விவரம் ஒட்டிய உரு என்பதுதான். அமெரிக்கக் கட்டடக்கலைப் பேராசிரியர் சார்ள்ஸ் ஈஸ்ட்மன் 1970களில் இதற்கு முன்னோடியான தன் முறைமைக்குக் 'கட்டட விவரிப்பு' என்ற பொருளில்தான் பெயரிட்டார். மாதிரி என்ற சொல் அதில் இல்லை. நாம் மட்டும் ஏன் அதைப் பிடித்துத் தொங்கவேண்டும்?

என் பரிந்துரை: பொருளுக்குத் தரவுரு (தரவு + உரு). செயலுக்குத் 'தரவுருவாக்கம்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். 'தரவு உருவாக்கம்' என்று பிரிந்து வேறு பொருள் தருகிறது, விட்டுவிட்டேன். தரவுரு வனைதல் என்றால் என்ன? இதுவரை வரைந்தோம், இனி வனைகிறோம். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், தட்டச்சில் பிழை விடுவோம் என்பது உண்மைதான். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

> தூய தமிழில் கனமாக ஒன்று வேண்டும்.

கனம் வேண்டாம். மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றியலை 'அங்காதிபாதம்' என்று எழுதினார். அவருடைய உழைப்பு பெரியது, சொல்தான் நிற்கவில்லை.

அடுத்தது, குழாயும் பீமும் இடிபடுவதைக் கணினி கண்டுபிடிப்பதற்கு 'மோதல் கண்டறிதல்' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கம் "குழாய் பீமிலை முட்டுது" என்றுதான் சொல்வார்கள். 'முட்டறிதல்' சரிவருமா? கிளிநொச்சிப் பொறியியல் பீடத்து நண்பர்கள் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.