வாயிலை மறைக்கும் வண்டிகள்: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலையொட்டி, பக்கத்துத் திருமண மண்டபத்திற்கு வருவோர் இருபுறமும் கார்களை நிறுத்திவிடுவதால், உள்ளிருந்து வரும் ஸ்கூட்டரின் முன்சக்கரம் சாலையில் இறங்கிய பிறகுதான் எதிரே என்ன வருகிறது என்பதே தெரிகிறது. நாங்களே சிமென்ட்டால் வேகத்தடை போட்டுக்கொள்ளலாமா?

பதில் 1: வேண்டாம் ஐயா. பொதுச்சாலையில் தனியார் வேகத்தடை அமைக்கக் கூடாது. நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 99ஆம் எண் நெறிமுறை, வேகத்தடை மேட்டின் அகலம், உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அளவு சொல்கிறது. கொத்தனார் குத்துமதிப்பாகக் குவித்து வைப்பது இரவில் பைக்கில் வருபவரைத்தான் கவிழ்க்கும். உழவர்கரை நகராட்சிக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள்.

பதில் 2: வேகத்தடை வந்தாலும் பார்வை மறைவது தீராதே! வாயிலை மறித்து வண்டி நிறுத்துவதை 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல உத்தரவிடும் அதிகாரத்தை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, சீருடையிலுள்ள காவல் அலுவலருக்கு அளிக்கிறது. தேதி தெரியும் புகைப்படங்களுடன் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் போக்குவரத்துக் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள், அதுவும் முகூர்த்த நாளுக்கு முன்பே.

பதில் 3: தங்கள் வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் பழைய கட்டிலையும் பீரோவையும் அடுக்கிவிட்டு, காரைத் தெருவில் விடுபவர்கள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். முதலியார்பேட்டையில் எங்கள் குடியிருப்பின் பாதித் தொல்லை அதனால்தான்.