ஆசியவியல் முதுமாணி படிக்கப் போவதால் வன்னிக்கு என்ன கிடைக்கும்?

துணுக்காய் ரீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புக்கலை முடித்துவிட்டு நாலு வருடமாக வன்னியில் துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன், வயது இருபத்தொன்பது. ஆசியச் சமூகங்கள், பண்பாடுகள், மொழிகள் என்று வெளிநாட்டில் ஒரு முதுமாணிப் படிப்பு இருக்கிறதல்லவா, அதற்கு விண்ணப்பிக்க யோசிக்கிறேன். எடுக்க நினைக்கும் பொருள் கண்ணகி. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், அதற்கு முன்னால் சிலாவத்தையில் தீர்த்தம் எடுத்து வந்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கு எரிப்பது, எங்கள் கோவலன் கூத்து, மற்றப் பக்கம் சிங்களவர்கள் பத்தினி தெய்யோ என்று கும்பிடுகிற அதே அம்மன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று கம்பஸ் காலத்திலிருந்தே ஆசை.

வீட்டில் பெரிய வாக்குவாதம். பெரியப்பா அண்ணாவியார், நாற்பது வருடம் கூத்துப் பழக்கியவர். அவர் ஒன்றுதான் கேட்டார்: "எங்கட கூத்தை எங்களுக்குச் சொல்லித்தர வெள்ளைக்காரனே வேணும் பிள்ளை?" எனக்குப் பதில் வரவில்லை, இரண்டு நாளாக நித்திரையும் இல்லை. படித்தவர்களும் வேண்டாம் என்று விட்டவர்களும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

முறிப்புக்குளம்:
தங்கச்சி, பெரியப்பா கேட்டது சரியான கேள்வி. நான் ஆறு வருடமாகப் போனில் பாட்டுப் பதிகிறேன், அரிவிப் பாட்டு, பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு, யாருக்கு என்ன ஞாபகம் இருக்கிறதோ அது. பதினொரு பேரிடம் பதிந்தேன், அதில் ஏழு பேர் இன்று இல்லை. காலபோக நெல் வெட்டுக்கு மெசின் வந்து ஒரு பின்னேரத்துக்குள் வயலை வெட்டி மூட்டை கட்டிவிடுகிறது, அரிவாளோடு வரிசையாக இறங்குகிற ஆட்களே இல்லாதபோது அந்தப் பாட்டை யார் பாடுவது, யாருக்காகப் பாடுவது? 2009இல் எங்கள் வீட்டு ஏட்டுக் கட்டையும் ஐயாவின் கொப்பிகளையும் பங்கருக்குள் வைத்து மண் மூடிவிட்டு ஓடினோம், திரும்பி வந்தபோது பங்கர் இருந்த இடமே தெரியவில்லை. இப்போது மிச்சம் இருப்பது இந்தக் கிழவன் கிழவிகளின் வாய் மட்டும். நீ விண்ணப்பம் போட்டு, ஆங்கிலச் சோதனை எழுதி, விசா எடுத்து, இரண்டு வருடம் படித்து வருவதற்குள் உன் பெரியப்பா இருப்பார் என்று யார் உத்தரவாதம் தருவது?

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் படிப்பே எங்களுக்காக உண்டானதல்ல. லண்டனில் சோயாஸ் என்று ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியைச் சொல்கிறார்களே, 1916இல் அதைத் தொடங்கியதே கீழைத்தேயங்களை ஆளப் போகிற அதிகாரிகளுக்கு மொழி படிப்பிக்கத்தான். அமெரிக்காவில் ஸ்புட்னிக் பறந்த பயத்தில் 1958இல் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்று ஒன்று போட்டு அதிலிருந்துதான் ஆசிய மொழிகளுக்குக் காசு கொடுத்தார்கள். எங்களைப் படிக்கும் பொருளாக மேசையில் வைத்த இடத்தில் போய் நீ எதைப் படிக்கப் போகிறாய்?

புதுக்குடியிருப்பான், ரொறன்ரோ:
அண்ணை, தொடக்கம் அப்படித்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அங்கே போனவர்கள் என்ன கொண்டுவந்தார்கள் என்றும் பாருங்கள். கைலாசபதி பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்க அறிஞரிடம் போயிருந்து சங்கப் பாட்டைக் கிரேக்க வீரப்பாட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அது 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் புத்தகமாக வந்தது. பாணரும் பொருநரும் வாயால் பாடிய மரபு அது என்று அவர் காட்டிய பிறகு புறநானூற்றைப் பழையபடி வாசிக்க முடியவில்லை. அவர்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர். சிவத்தம்பியும் அதே ஆளிடம்தான் படித்தார். தனிநாயகம் அடிகளை எடுங்கள், ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்தவர். அவருக்கு இலத்தீனும் போர்த்துக்கீசமும் தெரிந்திருந்ததால்தான் 1679இல் அச்சான தமிழ் போர்த்துக்கீச அகராதி உரோமில் வத்திக்கான் நூலகத்தில் கிடப்பதை எங்களுக்கு எடுத்துக்காட்ட முடிந்தது. தமிழ் மட்டும் படித்த ஒருவர் அந்த அலுமாரிக்குப் பக்கத்தில் போயிருக்க மாட்டார்.

வன்னியையே எடுங்கள். வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானையாகத் திறை கட்டினார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம், எத்தனை யானை, யார் கட்ட மறுத்தார், யார் காட்டுக்குள் ஓடினார் என்பதெல்லாம் டச்சு மொழியில் இருக்கிறது. 1697இல் யாழ்ப்பாணத்தில் இருந்த ஸ்வார்டெக்ரூன் என்ற ஒல்லாந்தத் தளபதி தனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு எழுதி வைத்த குறிப்பே ஒரு புத்தக அளவு, அதில் வன்னி வருகிறது, யானை வருகிறது. கொழும்புச் சுவடிக்கூடத்திலும் ஹேக்கிலும் ஒல்லாந்தர் காலத்துக் கட்டுகள் குவிந்து கிடக்கின்றன. அதைத் திறந்து வாசிக்க எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பிறகு ஆங்கிலேய அதிகாரி லூயிஸ் 1895இல் எழுதிய வன்னிக் கையேட்டைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்ப எடுத்து எழுதுகிறோம். எங்கள் ஊரைப்பற்றி ஒரு வெள்ளைக்காரத் துரை எழுதியதுதான் எங்களுக்கு ஆதாரம். எனக்கு அது வலிக்கிறது அண்ணை, நேராகவே சொல்கிறேன்.

முறிப்புக்குளம்:
தம்பி, கைலாசபதி போனார், வந்தார். போய் வராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாயா? நீயும் அங்கேதானே இருக்கிறாய். குற்றமாகச் சொல்லவில்லை, உன் நிலைமை உனக்குத் தெரியும். ஆனால் இங்கே ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்க ஆள் இல்லாத இடத்தில் ஒரு ரீச்சர் இரண்டு வருடம் போய்விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு யார்? அப்புறம் அவ்வளவு பாடுபட்டு எழுதுகிற ஆய்வை ஆங்கிலத்தில் எழுதி அங்கே ஒரு அலுமாரியில் வைப்பார்கள், முள்ளியவளையில் ஒருவரும் வாசிக்கப் போவதில்லை.

வவுனியா சுதா:
இரண்டு பேரும் பெரிய கதை கதைக்கிறீர்கள், காசைப்பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் போன வருடம் இதே யோசனையில் ஓடித் திரிந்தவள், அதனால் சொல்கிறேன். யேர்மனியில் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் தெற்காசிய நிறுவனம் 1962இலிருந்து இருக்கிற ஹைடல்பேர்க் உள்ள மாநிலத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. அதைவிடப் பெரிய தடை விசா. ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், காட்டு என்கிறார்கள், எங்கள் காசில் நாற்பது இலட்சத்துக்கு மேல். காணியை ஈடு வைத்தாலும் வராது. ஒரு முகவர் நிலையம் "நாங்கள் காட்டித் தருகிறோம்" என்று சொல்லி என்னிடம் முற்பணம் வாங்கிவிட்டு இன்றுவரை போன் எடுக்கவில்லை, தயவுசெய்து அந்த வழியில் போய்விடாதீர்கள்.

புலமைப்பரிசில் கிடைத்தால்தான் கதை. பிரித்தானியாவின் செவனிங் ஒரு வருட முதுமாணிக்கு முழுச் செலவும் தருகிறது, 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், நாலு வருடம் படிப்பித்த உங்களுக்கு அது இருக்கிறது. முடிந்ததும் நாட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு வருடமாவது இருந்தே ஆக வேண்டும். முறிப்புக்குளம் அண்ணை, நீங்கள் பயப்படுகிற விஷயம் அங்கே நிபந்தனையாகவே இருக்கிறது. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் கட்டணமும் கட்டி மாதச் செலவுக்கும் தரும், ஆனால் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இந்தியாவின் கலாசார உறவுகள் பேரவையான ஐ.சி.சி.ஆர் மூலமும் முதுமாணிக்குப் போகலாம், அது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று, ரீச்சர். சம்பளப் படியையும் பதவி உயர்வையும் பார்த்தால் பட்டப்பின் கல்வி டிப்ளோமாதான் உங்களுக்கு உதவும், கண்ணகி உதவ மாட்டாள். லீவு சம்பளத்தோடு தந்தால் பிணையும் எழுதி வாங்குவார்கள். இதையெல்லாம் அம்மாவோடு இருந்து கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பழைய பேராதனை:
நான் ஓய்வு பெற்ற விரிவுரையாளன், இப்போது மாங்குளத்தில் இருக்கிறேன். மகள், நீங்கள் எழுதியதில் ஒரு வரியை யாரும் கவனிக்கவில்லை. பத்தினி தெய்யோ. சிங்களத்தில் பத்தினிக்குப் பாடுகிற பாட்டுகளை முப்பத்தைந்து கோல்முறை என்பார்கள், கம்மடுவச் சடங்கில் பாடுவார்கள். கணநாத் ஒபயசேகர பல வருடம் கிராமம் கிராமமாகத் திரிந்து 1984இல் அதைப் பெரிய புத்தகமாக ஆங்கிலத்தில் தந்தார். நீங்கள் அதை ஆங்கிலத்தில் வாசிக்கப் போகிறீர்களா, சிங்களத்திலேயே கேட்கப் போகிறீர்களா? ஆசிய மொழி என்றால் ஜப்பானிய மொழியும் சீனமும் மட்டுமா? சிங்களமும் ஆசிய மொழிதான், பௌத்த நூல்கள் இருக்கிற பாளியும் ஆசிய மொழிதான், இரண்டையும் படிக்க விமானம் ஏறத் தேவையில்லை. பேராதனையில் மனிதப்பண்பியல் பட்டப்பின் நிறுவனம் இருக்கிறது, களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொல்லியலுக்கும் பாளிக்கும் தனித்தனியாகப் பட்டப்பின் நிறுவனங்கள் இருக்கின்றன. நாற்பது இலட்சம் காட்டத் தேவையில்லை, வவுனியாவில் பஸ் ஏறினால் போதும்.

முறிப்புக்குளம்:
சேர், மரியாதையோடு கேட்கிறேன், எங்கள் பிள்ளைகளுக்குச் சிங்களம் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? சோதனைச் சாவடியில் கேட்ட மொழி அது. தங்கள் பெயரையும் அப்பாவின் பெயரையும் அந்த மொழியில் சொல்லி நின்ற பிள்ளைகள் அதை ஆசையோடு படிப்பார்களா?

பழைய பேராதனை:
தெரியும் தம்பி. நானும் அந்த வரிசையில் நின்றவன்தான், அதனால்தான் சொல்கிறேன். குமுழமுனைக்குப் பக்கத்தில் குருந்தூர்மலையில் 2021இல் அகழ்வு தொடங்கியபோது என்ன நடந்தது? ஆதி ஐயனார் என்று நாங்கள், விகாரை என்று அவர்கள். நாங்கள் ஊர்வலம் போனோம், வழக்குப் போட்டோம், அது தேவைதான். ஆனால் கிடைத்த செங்கல்லையும் எழுத்தையும் பார்த்து இது இன்ன நூற்றாண்டு, தமிழர்களும் ஒரு காலத்தில் பௌத்தர்களாக இருந்தார்கள், மணிமேகலை எங்களுடைய காப்பியம் என்று பிராமியும் பாளியும் தெரிந்து ஆதாரத்தோடு எழுத வன்னியில் ஒருவரைக் காட்டுங்கள். கோபம் இருக்கிறது, படித்த ஆள் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இருப்பது பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம். கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பவை விவசாயமும் பொறியியலும் தொழில்நுட்பமும். இவ்வளவு பெரிய வன்னிக்குள் ஒரு கலைப்பீடம் கிடையாது. வரலாறோ மொழியோ படிக்க வேண்டும் என்றால் எங்கள் பிள்ளை வன்னியைத் தாண்டியே ஆக வேண்டும்.

புதுக்குடியிருப்பான், ரொறன்ரோ:
சேர் சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். சிங்களம் படிக்கட்டும், கட்டாயம் படிக்கட்டும். ஆனால் தமிழ்க் கண்ணகியும் சிங்களப் பத்தினியும் ஒரே வழிபாட்டின் இரண்டு முகம் என்று இங்கே ஒரு ஆய்வேட்டில் எழுதினால் எங்கள் ஆட்களும் பாய்வார்கள், அவர்களின் ஆட்களும் பாய்வார்கள். வெளியில் இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். நான் படித்த வகுப்பில் கொரியாவில் இருந்து வந்த ஒரு பெண் தன் ஊர்ச் சாமியாடும் பெண்களைப்பற்றிச் செய்தாள், அவள் பேசப் பேச எனக்கு எங்கள் ஊர்க் கலையாடுதல்தான் ஞாபகம் வந்தது. அதுவரை அதை ஒரு ஆராய்ச்சிப் பொருளாக நான் நினைத்ததே இல்லை, சின்ன வயதில் பார்த்துப் பயந்த ஒன்று, அவ்வளவுதான். அந்த வகுப்பு இல்லையென்றால் எனக்கு அது வந்திருக்காது.

முறிப்பு அண்ணை சொன்ன அலுமாரிக் கதையும் உண்மைதான். அங்கேயும் தமிழ் நிலையாக இல்லை. கொல்ன் பல்கலைக்கழகத்தில் அவ்வளவு தமிழ்ப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, காசு இல்லை என்று தமிழ்ப் பிரிவை மூடுகிற நிலைக்கு வந்தார்கள். ரொறன்ரோவில் தமிழ் இருக்கைக்கு நாங்கள்தான் முப்பது இலட்சம் டொலர் சேர்த்தோம். அதனால் ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழிலும் எழுத வேண்டும், அதைப் படிக்கப் போகிறவர் போகும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

துணுக்காய் ரீச்சர்:
எல்லோருடையதையும் இரண்டு தரம் வாசித்தேன். சுதா அக்கா, முகவர் நிலைய விஷயம் சொன்னதற்கு நன்றி, நானும் ஒன்றுக்குக் கதைத்துக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டேன்.

முறிப்பு அண்ணை, நீங்கள் சொன்ன அந்த ஏழு பேர் கணக்கு என்னை உலுக்கிவிட்டது. ஆனால் உங்களுக்கும் ஒரு கேள்வி. நேற்று பெரியப்பாவின் கூத்துக் கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஒரு தருவில், அதாவது ஒரு கூத்துப் பாட்டில், நாலு சொல் எனக்கு விளங்கவில்லை, பெரியப்பாவுக்கும் விளங்கவில்லை, "அண்ணாவியார் இப்பிடித்தான் படிப்பிச்சவர், நான் இப்பிடித்தான் பாடுறன்" என்றார். அது பழைய தமிழா, வேறு மொழியில் இருந்து வந்ததா, எழுதினவர் பிழை விட்டாரா? பதிந்து வைத்தால் சத்தம் இருக்கும், அந்த நாலு சொல்லையும் யார் திறப்பது? பேராதனை சேர் சொன்னதைக் கேட்டபிறகு முதலில் சிங்களத்தைத் தொடங்கப் போகிறேன். செவனிங் விண்ணப்பமும் போடுவேன். கிடைக்காவிட்டால் பேராதனை.

முறிப்புக்குளம்:
சரி. அந்த நாலு சொல்லையும் இங்கே போடு, முதலில் எங்கள் கிழவிகளிடம் கேட்டுப் பார்ப்போம், சிங்களத்துக்குப் போக முதல் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு ஆச்சி இருக்கிறா. நீ போவதை நான் இன்னும் ஏற்கவில்லை. கொப்பியைப் போனில் படம் எடுக்காதே, ஒற்றை மடிந்த இடங்களில் எழுத்து விழாது. பெரியப்பா சம்மதித்தால் கிளிநொச்சியில் ஸ்கேன் செய்து நூலகம் இணையத்தளத்தில் ஏற்றலாம், அவர்கள் 2005இலிருந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். கொப்பியை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதே, கூடவே இருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வா. எங்கள் வீட்டுக் கொப்பி போன மாதிரி இதுவும் போகக் கூடாது.

துணுக்காய் ரீச்சர்:
சனிக்கிழமை போகிறேன் அண்ணை. பெரியப்பாவும் வருகிறாராம், கொப்பியைத் தன் மடியில்தான் வைத்திருப்பாராம். நாலு சொல்லையும் இரவு தட்டச்சு செய்து போடுகிறேன், ஆச்சியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.