டஸ்ட் கலெக்டர் மாற்றிய அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா தோட்டத்தில் தச்சராக இருந்தவர். வீட்டுக்குப் பின்னால் அவர் போட்ட கொட்டகையில் சனி, ஞாயிறுகளில் நான் வேலை செய்கிறேன். சாமி மேடை, ஊஞ்சல் பலகை, தைப்பூசம் நெருங்கினால் காவடிக்கான பிளைவுட் சட்டங்கள்.

ஒன்பது வருடமாக இருந்தது 1 எச்.பி. (குதிரைத்திறன்) டஸ்ட் கலெக்டர், அதாவது மரத்தூளை இழுத்துச் சேர்க்கும் மெஷின். மேலே துணிப்பை, கீழே பிளாஸ்டிக் பை. சுருளையும் சில்லுகளையும் நன்றாகவே இழுத்தது. ஒருநாள் காலை சன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் கவனித்தேன். சுவிட்சைப் போட்டதும் துணிப்பையைச் சுற்றிப் புகை போல எழும்பியது. தரையில் கிடக்கும் தூளை இழுத்து, அதில் மிக நுண்ணியதை மட்டும் சலித்துக் கொட்டகைக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்திருக்கிறது அந்த மெஷின். பையின் துணி 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு); அதைவிடச் சிறியது வெளியேறிவிடும். நெஞ்சுக்குள் இறங்கும் தூளோ 10 மைக்ரானுக்கும் சிறியது. அப்பா அந்த மூலையில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஈப்போவில் ஒரு கடையில் கேட்டேன். “3 எச்.பி. எடுத்துக்குங்க, எல்லாம் சரியாயிடும்” என்றார்கள். அதிலும் இதே மாதிரி துணிப்பைதான். பெரிய மோட்டார் அந்தத் துணி வழியாக இன்னும் வேகமாகத் தூளைத் தள்ளும், அவ்வளவுதான். எனவே மோட்டாரை விட்டுவிட்டு, துணிப்பைக்குப் பதிலாக 1 மைக்ரான் மடிப்பு ஃபில்டர் வாங்கிப் பொருத்தினேன். மடிப்புகளால் பரப்பு பல மடங்கு கூடுகிறது. நுண்தூளையும் பிடிக்கும், காற்றும் தாராளமாகப் போகும். அப்புறம் ஆறு மீட்டர் நெளிநெளிக் குழாயைக் கழற்றினேன். அந்த நெளிவுகள்தான் காற்றைத் தடுக்கின்றன. 4 அங்குல பி.வி.சி. குழாய் போட்டு, திருப்பங்களில் 45 பாகை வளைவு இரண்டு இரண்டாகச் சேர்த்து, கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் நெளிகுழாய் வைத்தேன். அதே 1 எச்.பி.தான், டேபிள் சாவில் (மேசை ரம்பத்தில்) இழுவை கையில் தெரிந்தது.

ஒரு தவறும் செய்தேன். ஃபில்டர் அடைக்காமலிருக்க மெஷினுக்கு முன்னால் குழாயில் ஒரு மெல்லிய தகர டின்னை வைத்தேன். குழாயின் காற்றுக் கதவை மூடிய நொடியில் ‘டம்’ என்று உள்ளே நசுங்கிவிட்டது. இப்போது கெட்டியான நீல டிரம். பெரிய தூளெல்லாம் அதிலேயே விழுந்துவிடுகிறது.

மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டருக்கு இது போதாது. சின்னத் துளை வழியாக இழுக்க வேக்கம் கிளீனர்தான் சரி. முகமூடியும் போடுகிறேன்.

கூலிமிலிருந்து:

அண்ணே, நான் பட்டது வேறு. ஆன்லைனில் அமெரிக்க மாடல் ஒன்று மலிவாக வந்தது. மோட்டார் தகட்டில் 220 வோல்ட் என்று பார்த்தேன். பக்கத்திலிருந்த 60 ஹெர்ட்ஸை (மின்சாரத்தின் அதிர்வெண்) பார்க்கவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு 3,450 சுற்று ஓட வேண்டியது 2,850 பக்கம்தான் ஓடியது. காற்று ஆறில் ஒரு பங்கு குறைந்தது, இழுக்கும் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மோட்டாரும் சீக்கிரம் சூடேறியது. தகட்டை முழுதும் படிக்காமல் யாரும் பணம் கட்டாதீர்கள்.

பீடோங்கிலிருந்து:

அண்ணா, ஃபில்டரே இல்லாமல் தூளை வெளியே ஊதிவிட்டால் என்ன? எங்கள் கொட்டகைக்குப் பின்னால் செம்பனைத் (பாமாயில் மரத்) தோட்டம்தான்.

சுங்கை சிப்புட்:

தங்கச்சி, இடம் இருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. குளிர்நாடுகளில் சூடேற்றிய காற்று வெளியே போய்விடுமே என்று தயங்குவார்கள்; நமக்கு அந்தக் கவலை இல்லை. முன்னால் டிரம் மட்டும் கட்டாயம் வையுங்கள். உள்ளே போகும் காற்றுக்கு எதிர்ச்சுவரில் சன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுவை குறையும். எங்கள் தமானில் (குடியிருப்பில்) சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் துணிக்கொடி, அதனால்தான் நான் ஃபில்டருக்குப் போனேன்.